தொண்டிக் கடற்கரையில் மொராக்கோ வீடு: எதை எடுப்பது, எதை விடுவது

கேள்வி சுருக்கமாக இது: சொந்த ஊர் தேவகோட்டை. தொண்டிக்கு வடக்கே கடலைப் பார்த்த மாதிரி 40 சென்ட் நிலம் இருக்கிறது. நாலு படுக்கையறையோடு மொராக்கோ பாணியில் ஒரு வீடு கட்டி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட எண்ணம். மேஸ்திரி, "முன்னாடி ரெண்டு டோம், சுத்தி ஆர்ச், நீலப் பெயிண்ட்டு, அவ்வளவுதான் ஆச்சி, மொராக்கோ வந்துரும்" என்கிறார். நம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் இது ஒத்துவருமா?

முதலில் அந்த இரண்டு டோமையும் பிளானிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், ஆச்சி. மராகேஷ், ஃபெஸ் போன்ற பழைய ஊர்களில் குடியிருக்கும் வீடுகளுக்கு மொட்டை மாடிதான். டோம் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஒரு மகானின் அடக்கத்தலமாக இருக்கும். மேஸ்திரி மனதில் இருப்பது கல்யாண மண்டப முகப்புக்குப் போடும் "அரேபியன்" அலங்காரம். அதற்கும் மொராக்கோவுக்கும் சம்பந்தம் குறைவு.

நீங்கள் படங்களில் பார்த்து ஆசைப்பட்டது ரியாத் வகை வீடாகத்தான் இருக்கும். தெருவிலிருந்து பார்த்தால் அந்த வீட்டில் ஒன்றுமே தெரியாது. உயரமான மொட்டைச் சுவர், ஒரு கதவு, அவ்வளவுதான். உள்ளே போனால் நடுவில் திறந்த முற்றம், அதில் நாலு பாத்தியாகப் பிரித்த தோட்டம், மத்தியில் நீரூற்று, சுற்றிலும் அறைகள். எல்லா அறையும் முற்றத்தைத்தான் பார்க்கும். நீங்கள் வளர்ந்த செட்டிநாட்டு வீட்டை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். வளவு என்கிற நடு முற்றம், அதைச் சுற்றித் தூண் வைத்த பத்தி, அதிலிருந்து திறக்கும் அறைகள். எலும்புக்கூடு ஒன்றுதான். அதனால்தான் உங்கள் ஆசை நடக்கக்கூடிய ஆசை என்று சொல்கிறேன். மொராக்கோவிலிருந்து ஒரு ஆணிகூட இறக்காமல் இந்த வீட்டைக் கட்டலாம். வேலை தெரிந்த கைகள் காரைக்குடியைச் சுற்றியே இருக்கின்றன. ஆனால் அப்படியே நகல் எடுத்தால் வீடு வெந்துபோகும். காரணம் சொல்கிறேன்.

மராகேஷ் வறண்ட ஊர். வருஷ மழை 250 மில்லிமீட்டரைத் தொட்டாலே பெரிது. கோடையில் பகலில் 38 டிகிரி அடித்தாலும் இரவில் 20 வரை இறங்கிவிடும். இரவுக் குளிர் முற்றத்தில் இறங்கித் தங்கும், தடித்த மண் சுவர் அதைப் பிடித்துவைக்கும், மறுநாள் மதியம் வரை வீடு தாங்கும். காற்றில் ஈரம் இல்லாததால் நீரூற்றுத் தண்ணீர் ஆவியாகி இன்னும் கொஞ்சம் குளிர்விக்கும். வெளிக்காற்று சுடுகாற்று என்பதால் ஜன்னலைச் சின்னதாக வைத்து வீட்டை மூடிக்கொள்கிறார்கள்.

தொண்டியில் மே மாத இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 27 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம், கூடவே பிசுபிசுப்பு. இரவில் சேமிக்கக் குளிரே இல்லாத ஊரில் தடித்த சுவரும் மூடிய முற்றமும் புழுக்கத்தைத்தான் சேமிக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் நீரூற்று குளிர்விக்காது, கொசுவை வளர்க்கும். இங்கே உடம்பைக் காப்பாற்றுவது ஒன்றே ஒன்று: ஓடுகிற காற்று.

ஆகவே பிளானை இப்படி யோசியுங்கள். உங்களுக்குக் கடல் கிழக்கே, சாலை மேற்கே. மேற்குப் பக்கம் மொராக்கோக்காரர் மாதிரியே மூடிவிடுங்கள். மொட்டைச் சுவர், நடுவில் ஒரு பெரிய கதவு. சாலைத் தூசியும் மாலை வெயிலும் அந்தப் பக்கம்தான் என்பதால் இது அலங்காரமாகவும் ஆகும், உபயோகமாகவும் ஆகும். வடக்கிலும் தெற்கிலும் இரண்டிரண்டு அறைகள், நடுவில் முற்றம். கிழக்குப் பக்கத்தை மட்டும் திறந்துவிடுங்கள். அங்கே அறை வேண்டாம். தூண் வைத்த நீண்ட தாழ்வாரம் போதும். கோடையில் மதியத்துக்கு மேல் எழும் கடற்காற்று அதன் வழியாக முற்றத்துக்குள் நேராக வரும். வந்த காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால் அது வரவே வராது. எனவே மேற்குச் சுவரில் கதவுக்கு மேலே, ஆள் உயரத்துக்கு மேல், சுட்ட மண் ஜாலி வரிசை ஒன்று வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் மொராக்கோ மரப் பின்னலின் சாயலும் அதிலேயே வந்துவிடும்.

இதில் ஒரு இடத்தில் மட்டும் இரண்டு மரபும் எதிரெதிராக நிற்கின்றன. மொராக்கோ வீட்டில் வாசல் நடை வளைந்து போகும். தெருவில் நிற்பவர் கண் உள்ளே படக்கூடாது என்பதற்காக. நம் வீட்டில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். கடற்கரையில் நான் நம் பக்கம்தான். வாசல், முற்றம், தாழ்வாரம், கடல் நான்கும் ஒரே கோட்டில் இருக்கட்டும். விருந்தாளி கதவைத் திறந்த நிமிஷமே தூரத்தில் கடல் தெரிய வேண்டும். வாடகை வீட்டுக்கு அதைவிட நல்ல வரவேற்பு இல்லை. மறைப்பு வேண்டுமென்றால் நடையில் ஒரு மரத் தட்டி போதும்.

தாழ்வாரம் எட்டடிக்குக் குறைய வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். மடக்குக் கதவும் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முழுக்க மூட முடிய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைக் கடலோரத் தென்னைகளை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். பேஸ்மட்டம் நாலடியாவது உயரட்டும். நம் பெரிய வீடுகள் எல்லாம் படியேறிப் போகிற மாதிரிதானே இருக்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தில் கடலும் வெள்ளமும் பார்த்துவிட்டு இங்கே வந்த நம் முன்னோர் உயர்த்திக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கதையோ நிஜமோ, கடலோரத்தில் அது நல்ல புத்தி.

ஆர்ச் பற்றி ஒரு வார்த்தை. மொராக்கோ வளைவு அழகாகத் தெரிவதற்கு அதன் வடிவம் பாதிக் காரணம், சுவரின் கனம் மீதிக் காரணம். ஒன்பது அங்குலச் சுவரில் குதிரை லாட வளைவு வெட்டினால் அட்டையில் வெட்டிய மாதிரி இருக்கும். முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்தில் மட்டும், பதினெட்டு அங்குலக் கனத்தில், மூன்றோ ஐந்தோ வளைவு வையுங்கள். மற்ற இடமெல்லாம் நேர் லிண்டல் போதும். மேற்குச் சுவரை நடுவில் இடைவெளி விட்டு இரட்டைச் சுவராகக் கட்டினால் வெயிலும் உள்ளே இறங்காது, உட்பக்கம் விளக்கு வைக்க மாடங்களும் கிடைக்கும்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், சுவர்ப் பூச்சு. மொராக்கோ குளியலறைப் படங்களில் மூலையே இல்லாமல் வழவழவென்று, லேசாக மின்னுகிற சுவர் பார்த்திருப்பீர்கள். அதற்கு ததலாக்த் என்று பெயர். மராகேஷ் பக்கத்துச் சுண்ணாம்பு, அதில் நிறப்பொடி. பூசி, இறுகும் பதத்தில் கைக்கு அடங்கிய கூழாங்கல்லால் அழுத்தித் தேய்க்கிறார்கள். பிறகு ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்பைத் தடவி மறுபடி தேய்க்கிறார்கள். சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத ஒரு படலமாக மாறிவிடுகிறது. ஈரம் உள்ளே இறங்காமல் இருப்பதன் ரகசியம் அதுதான்.

நம் செட்டிநாட்டுப் பூச்சும் இதற்கு உடன்பிறப்பு. புளிக்கவைத்த சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், மேல் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, கடைசியில் கல்லால் இழைப்பு. நூறு வருஷம் ஆன வீட்டில் இன்றும் கை வைத்தால் சுவர் சில்லென்று கண்ணாடி மாதிரி வழுக்கும். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். படுக்கையறை, தாழ்வாரச் சுவருக்கு அவர்களை வைத்து நம் பூச்சையே பூசுங்கள். வெள்ளை வேண்டாமென்றால் மேல் பூச்சில் செங்காவியோ மஞ்சள் காவியோ சேர்க்கலாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கித் திரும்ப விடும். பிளாஸ்டிக் பெயிண்ட் மாதிரி கடற்கரையில் கொப்புளம் கட்டி உரியாது.

குளியலறை வேறு கதை. நம் பூச்சு தினமும் நேரடியாகத் தண்ணீர் அடிக்கும் இடத்துக்கு ஏற்பட்டதில்லை. அங்கே சோப்பு முறை வேண்டும். அதே கொத்தனாரிடம் சொல்லி முதலில் மூன்றுக்கு மூன்றடி மாதிரிச் சுவர் ஒன்று பூசவையுங்கள். ஒரு மாதம் காயவிட்டு, அப்புறம் தினமும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கறுத்தோ மாவாகவோ வந்தால் ஷவர் பகுதிக்கு மட்டும் மெருகிட்ட சாதாரண டைல்ஸுக்குப் போய்விடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தரைக்கு வருவோம். ஃபெஸ் நகரத்து ஸெலீஜ் என்பது மெருகிட்ட சுட்ட மண் ஓடுகளைச் சின்னச் சின்னத் துண்டாக உளியால் கொத்தி, நட்சத்திரமும் பலகோணமுமாகச் சேர்க்கிற வேலை. அங்கிருந்து வரவழைத்தால் சரக்குக் கூலியே உங்களைப் பயமுறுத்தும். பதித்துத் தரவும் ஆள் கிடையாது. ஆத்தங்குடி பக்கத்தில்தானே இருக்கிறது, நேரில் போய்ப் பாருங்கள். கீழே கண்ணாடித் தகடு, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை நேராகத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே உலர்ந்த மணல் சிமெண்டுத் தூவல், அப்புறம் கலவை, அதை மட்டமாக அழுத்தி எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் சில நாள். காய்ந்தபின் கண்ணாடி கழன்று வரும். சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது.

இங்கேதான் உங்களுக்கு ஒரு வாய்ப்பு. அச்சு மாற்றினால் கோலம் மாறும். ஃபெஸ் பாணி எட்டு முனை நட்சத்திரத்தை வரைந்து கொடுத்து, உங்கள் வீட்டுக்கென்று ஒரு அச்சு செய்யச் சொல்லலாம். நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். அந்தக் கோலம் முற்றத்தைச் சுற்றிய பத்தியில் மட்டும் வரட்டும். அறைகளுக்குள் ஒரே நிறக் கல், ஓரத்தில் மட்டும் பட்டை. தரை, சுவர், மேசை எல்லாவற்றிலும் நட்சத்திரம் என்றால் ராத்திரி தூக்கம் வராது.

இந்தக் கல்லுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று தரையிலிருந்து ஏறும் உப்பு. அடியில் ஈரத்தடுப்பு சரியாக இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். பதிக்கும் மணலும் தண்ணீரும் உப்பில்லாமல் இருக்க வேண்டும், கடல் மணல் பேச்சே எடுக்கக்கூடாது. இரண்டாவது எதிரி ஆசிட். பாத்ரூம் கழுவுகிற பாட்டிலை ஒருமுறை ஊற்றினால் போதும், மினுக்கம் போச்சு. வீட்டைப் பார்த்துக்கொள்ள வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வெறும் தண்ணீர், எப்போதாவது துணியில் தேங்காய் எண்ணெய். நடக்க நடக்கத்தான் அது பளபளக்கும். மழை நனைக்கிற இடத்தில் மட்டும் வேண்டாம், வழுக்கும். முற்றத்துக்குள் கருங்கல் பாவுங்கள், வாட்டம் பார்த்து இரண்டு மூலையில் வாய்க்கால் விடுங்கள்.

பழைய பர்மா தேக்குத் தூண், கதவு வாங்கலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கிடைக்கும், கடல் காற்றையும் தாங்கும். ஆனால் அங்கே நிற்கிற ஒவ்வொரு ஜோடித் தூணுக்கும் பின்னால் இடித்த வீடு ஒன்று இருக்கிறது. எனக்கு அது உறுத்தும். ஒரு வாசக்கதவு வாங்குங்கள், மற்றதை ஆசாரியிடம் புதிதாகச் செய்யுங்கள்.

கான்கிரீட் விஷயத்தில் மட்டும் மேஸ்திரி பேச்சைக் கேட்காமல் பொறியாளர் பேச்சைக் கேளுங்கள். கடலோரச் சூழலுக்கு ஐஎஸ் 456 என்கிற இந்தியக் கான்கிரீட் விதிநூல் எம்30 என்ற வலிமைத் தரத்துக் கலவையும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. கடல் சாரல் நேரடியாகப் படும் இடம் என்றால் எம்35, 50 மில்லிமீட்டர். உள்ளூரில் வழக்கமாக விடுகிற முக்கால் அங்குலம் பத்து வருஷத்தில் கம்பியை வீங்கவைத்துக் கூரையைப் பெயர்க்கும். அங்கே தோண்டிய போர்த் தண்ணீரைச் சோதிக்காமல் கலவைக்கு ஊற்றக்கூடாது. குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. சாதாரண இரும்புக் கிரில் எங்கேயும் வேண்டாம். மொராக்கோ ஜன்னல் கம்பி வேலைப்பாடு அழகுதான், இங்கே அதை மரத்தில் செய்யுங்கள்.

தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் வழி அந்த முற்றம்தான். கூரைப் பரப்பு 1,500 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்றாலும் சுமார் 90,000 லிட்டர் கையில் நிற்கும். வளவுத் தண்ணீரைக் குழாய் வைத்துப் பிடித்த பரம்பரைதானே நாம். முற்றத்துக்கு அடியிலேயே தொட்டி கட்டுங்கள். அதன்மேல் நீரூற்றுக்குப் பதிலாக ஒரு கல் உருளியில் தண்ணீரும் பூவும் போதும். தினமும் மாற்ற வேண்டும், மறந்தால் மறுபடியும் கொசு.

மரம், செடி: ஆரஞ்சு உப்புக் காற்றில் நிற்காது, குளிர்காலம் இல்லாத ஊரில் ஆலிவ் காய்க்காது. கடல் பக்கம் புன்னை, பூவரசு. முற்றத்தில் நாரத்தை ஒன்று வைத்துப் பாருங்கள், வாசனையில் ஆரஞ்சு மரத்துக்குக் குறைந்ததில்லை.

இனி வாடகை என்கிற கோணம். எல்லா அறையும் ஒரே முற்றத்தைப் பார்க்கும் வீட்டில் ஒரு குடும்பம் இரவு பன்னிரண்டு மணிக்குச் சிரித்தால் நாலு அறைக்கும் கேட்கும். அதனால் அறை அறையாக விடாதீர்கள், முழு வீடாக விடுங்கள். ஏசி இல்லாமல் யாரும் வரமாட்டார்கள். தாழ்வாரமும் முற்றமும் காற்றில் ஓடட்டும், படுக்கையறைகள் மட்டும் இறுக்கமாக மூடுகிற கதவோடு இருக்கட்டும். ஏசியின் வெளிப்பெட்டி கடல் பக்கம் வேண்டாம். கம்பளி விரிப்பு, தோல் மெத்தை இருக்கை எல்லாம் படத்துக்கு நன்றாக இருக்கும், ஒரு கார்த்திகை போனால் பூஞ்சை பிடிக்கும். சுவரோரம் நீளத் திண்ணை கட்டி, ஆத்தங்குடிக் கல் பதித்து, கண்டாங்கிக் கட்டத் துணியில் திண்டு போடுங்கள். மொராக்கோ வீட்டுக் கூடத்திலும் சுவரோடு ஒட்டிய தாழ்வான இருக்கைதான். தரைக்குக் கோரைப்பாய். ஓட்டை போட்ட பித்தளை விளக்கு ரொம்ப ஆசையாக இருந்தால் நடையில் ஒன்று தொங்கவிடுங்கள். பச்சை பூக்கும், துடைக்க ஆள் வேண்டும். மற்ற இடத்துக்குப் பனையோலைக் கொட்டான் பின்னுகிற பெண்களிடம் விளக்குக் கூடு பின்னித்தரக் கேட்கலாம், நிழல் விழும் அழகு அதிலும் உண்டு. சமையலுக்கு மொராக்கோ வேண்டவே வேண்டாம். தொண்டி மீனும் செட்டிநாட்டுக் கையும் இருக்கும்போது யார் அதைத் தேடப் போகிறார்கள்? மாலையில் புதினா டீ கொடுங்கள், போதும்.

மொட்டை மாடியில் காசைத் தாராளமாகப் போடலாம். மொராக்கோவில் மாலைப் பொழுது மாடியில்தான் கழியும், உங்களுக்கோ கிழக்கே கடலிலிருந்து சூரியனும் பௌர்ணமி நிலவும் எழும். வெள்ளைத் தட்டோடு பதித்து, மூங்கில் பந்தல் போடுங்கள். ஐப்பசிக்கு முன்னால் கழற்றி இறக்குகிற மாதிரி இருக்க வேண்டும்.

நீலம் பற்றிக் கேட்டீர்கள். அந்த அடர்ந்த நீலம் மராகேஷில் ஓவியர் ஜாக் மஜோரல் தன் தோட்டத்து வீட்டுக்குப் பூசியது. ஊர் முழுக்க நீலம் என்றால் அது வடக்கே மலையடிவாரத்து ஷெஃப்ஷாவன். உங்களுக்கு முன்மாதிரி இரண்டும் வேண்டாம். அட்லாண்டிக் கரையில் எஸ்ஸவீரா என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது, அதைப் பாருங்கள். சுவரெல்லாம் சுண்ணாம்பு வெள்ளை, கதவும் ஜன்னலும் மட்டும் நீலம். கடல் வெளிச்சத்தில் பழகியவர்கள் தேர்ந்த நிறம் அது. வெளிச்சுவர் வெள்ளையாக இருந்தால் வெயிலையும் திருப்பி அனுப்பும். மராகேஷ் செம்மண் நிறத்தை முற்றத்து நிழலில் ஒரு சுவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை. நிலம் உயர் அலைக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கடலோர மண்டல வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். மத்திய அரசின் 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி கிராமப்புறக் கடற்கரையில் 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள பகுதிகளுக்குத்தான். அதைத் தாண்டி 500 மீட்டருக்குள் என்றாலும் அனுமதி வாங்க வேண்டும். "பக்கத்துல கட்டியிருக்காங்களே" என்று யார் சொன்னாலும் எழுத்தில் வாங்காமல் அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே பதிவுக்கு ஆறு அறை வரை இடம் உண்டு, ஆனால் வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். தேவகோட்டையில் இருந்துகொண்டு நடத்துவதென்றால் வேறு வகையில்தான் பதிய வேண்டியிருக்கும். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் தர வேண்டும்.

அனுமதி கைக்கு வந்ததும் முதல் ஆர்டர் ஆத்தங்குடி அச்சுக்கும் கல்லுக்கும் கொடுங்கள். கையால் செய்வது, கேட்ட நாளில் கிடைக்காது. சுண்ணாம்புப் பூச்சைத் தை பிறந்து தொடங்கினால் மழைக்கு முன் நன்றாக இறுகிவிடும். ஐப்பசியில் பூசித் தருகிறேன் என்று எந்தக் கொத்தனார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.